வேலை முடிந்த பிறகு விழுகிற புரோகிராம்: சேமிப்பகக் கிளையன்ட்டில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

சித்திரைத் திருவிழா முடிந்து மூன்றாம் நாள், ராத்திரி பதினொன்றரை மணி. மதுரையில் மாசி வீதிப் பக்கம் இருக்கும் ஒரு வீடியோ கடையிலிருந்து போன். எதிர்சேவை தொடங்கி பூப்பல்லக்கு வரை நாலு கேமராவில் எடுத்ததை எல்லாம் எங்கள் புரோகிராம்தான் சேமிப்பகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. "அண்ணே, காப்பி முடிஞ்சதுன்னு திரையில வருது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா மறுபடி முதல்ல இருந்து ஓடுது. ரெண்டு நாளா இதே கதைதான்" என்றார் அங்கே ராத்திரி வேலை பார்க்கும் தம்பி.

காப்பி உண்மையிலேயே முடிந்திருந்தது. ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை. 'முடிந்தது' என்று திரையில் எழுதிவிட்டு, மெயின் ஃபங்ஷனிலிருந்து வெளியே வந்து, பிராசஸ் மூடப்படும் அந்தக் கடைசி நொடியில் புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) வாங்கி விழுந்தது. அதை ஓட்டிய ஷெல் ஸ்கிரிப்ட் 139 என்ற வெளியேறு எண்ணைப் பார்த்தது. 128-ஐயும் சிக்னல் எண் 11-ஐயும் கூட்டினால் வருவது. தோல்வி என்று முடிவு கட்டித் திரும்ப ஓட்டியது. ஸ்கிரிப்ட்டைக் குறை சொல்ல முடியாது, அதை எழுதியதும் நான்தான்.

அன்றைக்குத் தோண்ட ஆரம்பித்தது பத்து நாள் போனது. ஒரே புரோகிராமில் ஒரே வகைத் தப்பு எட்டு வேஷம் போட்டுக்கொண்டு இருந்தது. அந்த வேஷங்களைத்தான் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது வருகிறதோ அங்கே நேராகப் போய்க்கொள்ளலாம். உதாரணங்கள் எல்லாம், பல கணினிகளின் வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் செஃப் சேமிப்பகத்தோடு புரோகிராம்கள் பேச உதவும் லிப்ராடோஸ் நூலகத்தை வைத்து. சமையல்கார ஷெஃப் இல்லை. கணவாய், ஆக்டோபஸ் இனமான செஃபலோபாட் என்ற பெயரைச் சுருக்கி வைத்த செஃப். வேறு சேமிப்பகம் வைத்திருப்பவர்களுக்கும் தப்பின் உருவம் பெரிதாக மாறாது.

முதலில், உள்ளே யார் யார்

அடியில் இருப்பது கான்டெக்ஸ்ட். அமைப்புகள், பதிவு (லாக்) எழுதும் இயந்திரம், அட்மின் சாக்கெட் (ஓடும் பிராசஸிடம் அதன் நிலையைக் கேட்கும் வழி), எண்ணிக்கை அளவீடுகள் எல்லாம் அதன் கையில். அதன் மேல் கிளஸ்டர் ஹேண்டில்: சர்வர்களின் கூட்டமான கிளஸ்டரைக் கண்காணிக்கும் மானிட்டர்களிடம் பேசும் இணைப்பு, நெட்வொர்க் த்ரெட்கள். அதன் மேல் ஐஓ கான்டெக்ஸ்ட், ஒரு பூலுக்கு (கிளஸ்டருக்குள் பெயரிட்ட ஒரு பகுதி) ஒரு வாசல் மாதிரி. அதற்கும் மேல் திறந்து வைத்த இமேஜ்கள் (சேமிப்பகத்தில் இருக்கும் மெய்நிகர் வட்டுகள்), வாட்ச்கள் ('இந்த ஆப்ஜெக்ட்டைக் கவனிக்கிறேன்' என்று சர்வரிடம் சொல்லி வைப்பது), இன்னும் முடியாத அசிங்க் வேலைகள் (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பியவை). ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பதை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில்தான் பிரிக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதில் ஏதாவது ஒன்று குளோபல் வேரியபிளாகவோ ஸ்டேட்டிக்காகவோ (புரோகிராம் முடியும்வரை இருப்பது) உட்கார்ந்துவிட்டால், பிரிக்கும் வரிசை நம் கையை விட்டுப் போய்விடும். பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுப்பது மாதிரிதான் பிறகு நடக்கும்.

அறிகுறி: வேலை முழுக்க முடிகிறது, வெளியேறும்போது விழுகிறது

கோர் டம்ப்பை (விழுந்த நொடியின் நினைவகப் பிரதி) எடுத்து ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து எல்லா த்ரெட்களின் பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) கேளுங்கள். 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' என்ற கட்டளைதான். விழுந்த த்ரெட்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டினால் பாதிக் கதைதான் தெரியும். எங்களுக்கு விழுந்தது ஒரு கால்பேக் த்ரெட், அதாவது பதில் வந்ததும் நூலகம் அழைக்கும் நம் ஃபங்ஷனை ஓட்டும் த்ரெட். அது பதிவு எழுதப் போன இடத்தில் பாயின்டர் குப்பையாக இருந்தது. அதைப் பார்த்து ஒரு முழு நாள் பதிவு எழுதும் கோடைக் குடைந்தேன். அங்கே ஒன்றுமில்லை. மெயின் த்ரெட்டின் பேக்ட்ரேஸில் எக்ஸிட் ஃபங்ஷன், அதற்கு மேலே எக்ஸிட் ஹேண்ட்லர்களை ஓட்டும் ஃபங்ஷன், அதற்கும் மேலே எங்கள் பதிவு கிளாஸின் டிஸ்ட்ரக்டர். அந்த மூன்று வரிதான் முழு விஷயம்.

சி ப்ளஸ் ப்ளஸில் மெயின் முடிந்ததும் எக்ஸிட் அழைக்கப்படுகிறது. அது ஸ்டேட்டிக் ஆப்ஜெக்ட்களை, உருவான வரிசைக்கு எதிர் வரிசையில் அழிக்கிறது. ஆனால் மற்ற த்ரெட்களை அது நிறுத்துவதில்லை. அவை பிராசஸ் சாகும்வரை தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் பதிவு ஆப்ஜெக்ட் ஒரு ஃபைலில் ஸ்டேட்டிக், கிளஸ்டர் ஹேண்டிலைப் பிடித்திருந்த பாயின்டர் இன்னொரு ஃபைலில் ஸ்டேட்டிக். ஒரே ஃபைலுக்குள் என்றால் மேலிருந்து கீழ் உருவாகும், கீழிருந்து மேல் அழியும். வெவ்வேறு ஃபைல் என்றால் எது முதலில் என்பதை மொழி வரையறுக்கவே இல்லை. லிங்க் செய்யும் வரிசையில் ஒரு ஃபைல் இடம் மாறினாலும் நடத்தை மாறலாம். "ஆபீஸ்ல விழவே இல்லையே, கடையில மட்டும் எப்படி விழும்" என்று நாங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே கோட், ஆனால் வேறு வேறு நாளில் கட்டிய பைனரி.

ஆக, பதிவு முதலில் செத்தது. ஹேண்டில் இன்னும் உயிரோடு இருந்தது. அதன் த்ரெட் ஒன்று கடைசியாக வந்த ஒரு பதிலுக்கான கால்பேக்கை ஓட்டியது. கால்பேக், செத்துப்போன பதிவில் எழுதப் போனது.

உறுதி செய்ய, அட்ரஸ் சானிடைசரோடு (நினைவகத் தப்புகளைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) கட்டி ஓட்டுங்கள். வேகம் ஏறக்குறைய பாதியாகும், பரவாயில்லை. ஹீப்பில் விடுவித்த இடத்தைத் தொட்டிருந்தால் அது மூன்று பேக்ட்ரேஸ் தரும்: எங்கே தொட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது, எங்கே முதலில் ஒதுக்கப்பட்டது. நடுவில் இருக்கும் அந்த 'எங்கே விடுவிக்கப்பட்டது' என்பதற்காகவே இந்தக் கருவிக்குக் கோயில் கட்டலாம்.

திருத்தம்: எல்லாவற்றையும் மெயின் ஃபங்ஷனுக்குள் ஒரு தனி பிளாக்கில் கொண்டுவந்து, மூடுவதை நம் கையாலேயே செய்வது. எங்கள் வரிசை இப்போது இப்படி இருக்கிறது. புது வேலை ஏற்பதை நிறுத்து. ஒவ்வொரு ஐஓ கான்டெக்ஸ்ட்டிலும் அசிங்க் ஃப்ளஷ் அழைத்து மிச்ச எழுத்துகள் (பாக்கி இருக்கும் எழுதும் வேலைகள்) முடியும்வரை காத்திரு. வாட்ச் இருந்தால் அன்வாட்ச் செய், பிறகு வாட்ச் ஃப்ளஷ். இமேஜ்களை மூடு. ஐஓ கான்டெக்ஸ்ட்டை அழி. அதன்பிறகு ராடோஸ் ஷட்டவுன். எல்லாம் போன பிறகு கடைசியாகப் பதிவு. ஷட்டவுன் அழைத்தாலே மிச்ச எழுத்துகள் வட்டுக்குப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை என்று லிப்ராடோஸ் ஆவணமே எச்சரிக்கிறது. ஐஓ கான்டெக்ஸ்ட்டை அழிப்பதற்கும் அதே எச்சரிக்கை உண்டு.

இதில் இன்னொரு பொறி. எல்லாவற்றையும் ஒரு கிளாஸுக்குள் வைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைத்தோம். மறுபடி விழுந்தது. கிளாஸ் உறுப்புகள் அறிவிக்கப்பட்ட வரிசைக்கு எதிர் வரிசையில் அழியும். கன்ஸ்ட்ரக்டரில் எந்த வரிசையில் எழுதினாலும் அது செல்லாது. எங்கள் கிளாஸில் ஐஓ கான்டெக்ஸ்ட் மேல் வரியிலும் ஹேண்டில் கீழ் வரியிலும் இருந்தன. அதனால் ஹேண்டில்தான் முதலில் செத்தது. இரண்டு வரியை இடம் மாற்றினோம், தீர்ந்தது. இப்போது அந்த வரிகளுக்கு மேல் 'வரிசையை மாற்றாதீர்கள்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் அகர வரிசையில் அழகாக அடுக்க யாராவது ஒரு புண்ணியவான் வருவார்.

பதிவு மாதிரி எங்கும் தேவைப்படும் ஒன்றை மட்டும், நியூ போட்டு உருவாக்கி வேண்டுமென்றே டிலீட் செய்யாமல் விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிராசஸ் செத்தால் நினைவகம் எப்படியும் திரும்பிப் போகும். ஆனால் கிளஸ்டர் ஹேண்டிலை அப்படி விடாதீர்கள். அது வெறும் நினைவகம் இல்லை, எதிர்ப்பக்கம் ஒரு சர்வர் அதை நினைவு வைத்திருக்கிறது. அதன் விளைவைக் கடைசி அறிகுறியில் பார்க்கலாம்.

ஒரு ஒப்புதல் வாக்குமூலம்: அந்த ராத்திரி நான் செய்தது இது எதுவும் இல்லை. ஸ்கிரிப்ட்டில் 139 வந்தாலும் வெற்றி என்று எடுத்துக்கொள் என ஒரு வரி சேர்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காப்பியின் நடுவில் விழுந்தாலும் அதே 139தான் வரும் என்று விடியற்காலையில் உறைத்தது. எழுந்து நீக்கினேன்.

அறிகுறி: விழவில்லை, ஆனால் வெளியேறாமல் தொங்குகிறது

இது விழுவதைவிட மோசம். விழுந்தால் கோர் டம்ப்பாவது மிஞ்சும். தொங்கினால் யாராவது கவனிக்கும்வரை அப்படியே நிற்கும்.

முதலில் வேலை எதுவும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கிளையன்ட் பக்கமும் அட்மின் சாக்கெட் திறக்கலாம். அதன் வழியாக 'அப்ஜெக்டர் ரெக்வெஸ்ட்ஸ்' என்று கேட்டால், பதில் வராமல் காத்திருக்கும் ஒவ்வொரு வேலையையும், அது எந்த ஓஎஸ்டிக்கு (தரவை வட்டில் வைக்கும் சர்வர் புரோகிராம்) போயிருக்கிறது என்பதையும் காட்டும். சாக்கெட் ஃபைலே இல்லையென்றால், அது உருவாக வேண்டிய அடைவில் எழுத உங்கள் பயனருக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். ரூட்டாக ஓட்டாதவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் தடுக்கி விழுந்திருப்பார்கள்.

பாக்கி இருந்தால், கோளாறு கிளஸ்டரில். ஆனாலும் நம் பக்கம் ஒரு கேள்வி மிச்சம் உண்டு. ஓஎஸ்டி வேலைகளுக்கான காலக்கெடு இயல்பாக 0. பூஜ்யம் என்றால் உடனே விட்டுவிடு என்று அர்த்தமில்லை, எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று அர்த்தம். மானிட்டர் வேலைகளுக்கும் அப்படியே. முதல் இணைப்புக்கு மட்டும் வேறு கணக்கு: 300 வினாடி. புரோகிராம் ஆரம்பத்திலேயே சரியாக ஐந்து நிமிடம் சும்மா நின்றுவிட்டுத் தோற்றால், மானிட்டர் முகவரி தப்பு அல்லது 3300, 6789 போர்ட்களை ஃபயர்வால் தடுக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பாக்கி ஒன்றும் இல்லாமல் தொங்கினால் கோளாறு நம்மிடம்தான். கால்பேக்குக்குள்ளிருந்து ஷட்டவுனையோ ஃப்ளஷையோ அழைத்திருக்கிறீர்களா என்று தேடுங்கள். கால்பேக்கை ஓட்டுவது நூலகத்தின் சொந்த த்ரெட். ஷட்டவுன் அந்த த்ரெட் முடியும்வரை காத்திருக்கும், அந்த த்ரெட்டோ ஷட்டவுன் முடியக் காத்திருக்கும். சில சமயம் தொங்கும், சில சமயம் அசெர்ட்டில் விழும். கால்பேக்குக்குள் கொடியை மாற்று, கண்டிஷன் வேரியபிளைத் தட்டு, திரும்பு. அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள்.

எங்களுக்கு இன்னொரு சின்னக் காரணமும் இருந்தது. கால்பேக் லாம்டா, அப்லோடர் ஆப்ஜெக்ட்டின் ஷேர்ட் பாயின்டரைப் பிடித்திருந்தது. அப்லோடர், கால்பேக்குகளின் பட்டியலைப் பிடித்திருந்தது. ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்திருந்ததால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரவே இல்லை. டிஸ்ட்ரக்டரில் வைத்திருந்த ஷட்டவுன் ஓடவே இல்லை, மெயின் அதற்காகக் காத்துக் கிடந்தது. லாம்டாவில் வீக் பாயின்டர் போட்டதும் தீர்ந்தது.

அறிகுறி: இரண்டு கிளஸ்டர், ஆனால் அமைப்புகள் ஒன்றோடொன்று கலக்கின்றன

கடையின் கிளஸ்டரிலிருந்து எங்கள் இலந்தைக்குளம் ஆபீஸில் இருக்கும் சின்ன கிளஸ்டருக்கு ஒரு பிரதி போக வேண்டும். ஒரே பிராசஸ், இரண்டு ஹேண்டில். இரண்டாவது ஹேண்டிலும் முதல் கிளஸ்டருக்கே போய் நின்றது.

செஃப் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு டீமனும் (பின்னணியில் ஓடும் சர்வர் புரோகிராம்) ஒரு பிராசஸ், ஒரு பிராசஸுக்கு ஒரே கிளஸ்டர். அப்படி இருக்கும்போது அமைப்புகளை ஒரு குளோபல் வேரியபிளில் வைப்பது இயல்பான முடிவு. அதே கோட் நூலகமாகி அடுத்தவர் பிராசஸுக்குள் குடியேறியபோதுதான் சிக்கல். அதற்கு வந்த தீர்வுதான் ஹேண்டிலுக்கு ஒரு கான்டெக்ஸ்ட். டீமன்களுக்கு இன்றும் ஜி_செஃப்_கான்டெக்ஸ்ட் என்ற குளோபல் உண்டு. நூலகக் கோட் அதைத் தொடக்கூடாது. கையில் கொடுக்கப்பட்ட கான்டெக்ஸ்ட்டையே பயன்படுத்த வேண்டும். இரண்டு கிளஸ்டருக்கு நடுவே ஓடும் ஆர்பிடி (செஃப்பின் மெய்நிகர் வட்டு வசதி) மிரர் டீமன்கூட எதிர் கிளஸ்டருக்கென்று தனிக் கான்டெக்ஸ்ட் உருவாக்கித்தான் இணைகிறது.

செஃப்பின் சொந்த கோடில் கை வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. டீமன் பக்கத்திலிருந்து ஒரு துண்டு கோடை நூலகத்துக்கு நகர்த்தியதும், பதிவு எழுதும் வரியிலேயே விழுந்தால், அந்த வரி டிஅவுட் மேக்ரோவில் இருக்கிறதா என்று பாருங்கள். டீமன் கோடில் அது வழக்கமாகக் குளோபல் கான்டெக்ஸ்ட்டை எடுத்துக்கொள்ளும். நூலகத்தை மட்டும் பயன்படுத்தும் பிராசஸில் அந்தக் குளோபல் வெறும் நல் பாயின்டர். எல்டிஅவுட் போட்டு, கான்டெக்ஸ்ட்டைக் கையில் கொடுங்கள். கான்டெக்ஸ்ட்டுக்கு ஒன்றே ஒன்று இருக்க வேண்டிய ஆப்ஜெக்ட் என்றால் அதை ஸ்டேட்டிக்காக வைக்கத் தேவையில்லை. கான்டெக்ஸ்ட்டிடமே பெயர் சொல்லிக் கேட்டு, இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளும் வழி ஒன்று உள்ளேயே இருக்கிறது. கான்டெக்ஸ்ட் போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

சரி, எங்கள் பிரச்சினைக்கு வருவோம். எங்களிடம் ஹேண்டிலுக்கு ஒரு கான்டெக்ஸ்ட் ஒழுங்காகவே இருந்தது. கலந்தது சூழல் மாறி வழியாக. அமைப்பு ஃபைலின் பாதையைக் கொடுக்காமல் படிக்கச் சொன்னால், லிப்ராடோஸ் முதலில் செஃப்_கான்ஃப் என்ற சூழல் மாறியைப் பார்க்கும், அப்புறம்தான் இடிசி அடைவு. சூழல் மாறி பிராசஸ் முழுமைக்கும் ஒன்றே. நாங்கள் கோடில் எங்கெங்கோ தேடிய குளோபல் வேரியபிள், ஸ்கிரிப்ட்டின் மூன்றாவது வரியில் எக்ஸ்போர்ட் ஆகி உட்கார்ந்திருந்தது. இரண்டு ஹேண்டிலுக்கும் பாதையை வெளிப்படையாகக் கொடுத்தோம். செஃப்_ஆர்க்ஸ் மாறிக்கும் இதே கதைதான், என்விரான்மென்ட்டைப் படிக்கும் அழைப்பை நீங்கள் பயன்படுத்தினால்.

ஓடிக்கொண்டிருக்கும்போது செட்என்வ் அழைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாமே என்று ஒரு யோசனை வந்தது. பல த்ரெட் ஓடும் பிராசஸில் அது பாதுகாப்பானதே இல்லை. ஒரு த்ரெட் எழுதும்போது இன்னொன்று படித்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்.

அறிகுறி: நாள் ஆக ஆக த்ரெட்களும் திறந்த ஃபைல்களும் பெருகுகின்றன

நாலாம் நாள், 'திறந்த ஃபைல்கள் மிக அதிகம்' என்று பிழை. பல லினக்ஸ் கணினிகளில் இயல்பான வரம்பு 1024. வரம்பைக் கூட்டுவதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம். அதைச் செய்யும் முன் எண்ணிப் பாருங்கள்.

எண்ண ஒரு சுலப வழி உண்டு. ப்ராக் அடைவில் உங்கள் பிராசஸ் எண்ணுக்குள் டாஸ்க் என்ற துணை அடைவு, அதில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு பெயர் ஃபைல். அவற்றில் எம்எஸ்ஜிஆர்-வொர்க்கர்-0 என்ற பெயர் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். நெட்வொர்க் த்ரெட்கள் கான்டெக்ஸ்ட்டுக்கு இயல்பாக மூன்று. அதில் பூஜ்யம் எண்ணுள்ளது ஒன்றே ஒன்று. ஆக அந்த எண்ணிக்கைதான் இப்போது உயிரோடு இருக்கும் கான்டெக்ஸ்ட்களின் எண்ணிக்கை. அட்மின் சாக்கெட் பெயரில் பிராசஸ் எண்ணோடு சிசிடிஐடியையும் (கான்டெக்ஸ்ட்டின் அடையாளம்) சேர்த்திருந்தால், சாக்கெட் ஃபைல்களை எண்ணினாலும் அதே விடை கிடைக்கும்.

எங்களுக்கு ஒன்று வர வேண்டிய இடத்தில் 47 வந்தது. ஒரு ஃபைல் ஏற்றும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஹேண்டில் உருவாக்கி, இணைத்து, ஏற்றி, மூடியிருந்தோம். பிழை வந்தால் நடுவிலேயே ரிட்டர்ன். அந்த வழியில் ஷட்டவுன் இல்லை. 46 ஃபைல் ஒருமுறை தோற்றிருக்கிறது, அவ்வளவுதான்.

பிராசஸுக்குக் கிளஸ்டர் ஒன்றுக்கு ஒரு ஹேண்டில் போதும். பல த்ரெட்கள் அதைப் பகிரலாம். யாரிடம் இருக்கிறது என்று ஷேர்ட் பாயின்டர் எண்ணிக்கொள்ளட்டும். பாத்திர வாடகைக் கடை நோட்டு மாதிரி, எத்தனை அண்டா வெளியே போனது, எத்தனை திரும்பியது என்று கணக்கு இருந்தால் போதும்.

அறிகுறி: ஆப்ஜெக்ட்கள் தப்பான நேம்ஸ்பேஸில் போய் விழுகின்றன

மேலே சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஐஓ கான்டெக்ஸ்ட்டையும் எல்லா த்ரெட்டுக்கும் பொதுவாக்கினேன். மறுநாள், இரண்டாம் கேமராவின் துண்டுகளில் சில மூன்றாம் கேமராவின் நேம்ஸ்பேஸில் (பூலுக்குள் பெயர்களைப் பிரித்து வைக்கும் பகுதி) கிடந்தன. எங்கும் பிழைச் செய்தி இல்லை, எல்லா எழுத்தும் வெற்றி. எனக்கு மிகவும் பயம் தந்தது இந்த அறிகுறிதான்.

ஐஓ கான்டெக்ஸ்ட் பார்க்க வெறும் வாசல் மாதிரி இருந்தாலும் அது தன்னுள் சிலவற்றை நினைவு வைத்திருக்கிறது: நேம்ஸ்பேஸ், லொகேட்டர் சாவி, எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து படிக்க வேண்டும், எழுத்துக்கான ஸ்னாப்ஷாட் சூழல். இவற்றை மாற்றுவது த்ரெட் பாதுகாப்பு உள்ள வேலை இல்லை. ஒரு த்ரெட் நேம்ஸ்பேஸை 'கேமரா 2' என்று வைக்கும். அது எழுதுவதற்குள் இன்னொரு த்ரெட் 'கேமரா 3' என்று மாற்றிவிடும். பூட்டுப் போட்டுக் காப்பாற்றலாம், ஆனால் எழுதும் அழைப்பையும் சேர்த்துப் பூட்டினால்தான் பலன். அதற்கு த்ரெட்டுக்கு ஒன்று தனியாக உருவாக்குவது எவ்வளவோ மேல். ஐஓ கான்டெக்ஸ்ட் கனமானது இல்லை, கனமெல்லாம் ஹேண்டிலில்தான். சி ப்ளஸ் ப்ளஸில் டப் என்ற அழைப்பு இருக்கிறது, இருப்பதைப் பிரதி எடுத்துத் தரும்.

எஸ்3 (அமேசானின் சேமிப்பக இடைமுகம்) வழியாகப் போகிறவர்களுக்கும் இதே விதி வேறு பெயரில் வரும். பைத்தானுக்கான ஏடபிள்யூஎஸ் நூலகமான போட்டோ3-இல் கிளையன்ட்டைத் த்ரெட்கள் பகிரலாம், செஷனைப் பகிரக்கூடாது. செஷன் எதுவும் உருவாக்காமல் நேராகக் கிளையன்ட் கேட்டால் பின்னால் ஒரு குளோபல் செஷன் தானாக முளைக்கும். சி ப்ளஸ் ப்ளஸ் ஏடபிள்யூஎஸ் எஸ்டிகேயில் ஷட்டவுன் ஏபிஐ அழைக்கும் முன் எல்லாக் கிளையன்ட்களும் அழிந்திருக்க வேண்டும். அதே பிளாக்கின் முடிவில் கிளையன்ட் தானாக அழியட்டும் என்று விட்டால், ஷட்டவுனுக்குப் பிறகுதான் அழியும், விழும்.

அறிகுறி: படிக்கும் கால்பேக்கில் எப்போதாவது ஒருமுறை விழுகிறது

இது சுருக்கமானது. அசிங்க் ரீடுக்குக் கொடுத்த பஃபர், பதில் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டும். ஃபங்ஷனின் உள்ளூர் அரேயைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டால், பதில் வேறு யாருடைய ஸ்டாக்கிலோ எழுதப்படும். பஃபரையும் கம்ப்ளீஷனையும் (அசிங்க் வேலை முடிந்ததைச் சொல்லும் ஆப்ஜெக்ட்) ஒரே ஸ்ட்ரக்ச்சரில் வைத்து ஹீப்பில் ஒதுக்கி, கால்பேக்கின் கடைசி வரியில் விடுவியுங்கள்.

கம்ப்ளீஷனுக்கு ரிலீஸ் அழைத்தால் வேலை ரத்தாகிவிடும் என்று நினைப்பதும் உண்டு. ரிலீஸ் என்பது 'எனக்கு இது இனி வேண்டாம்' என்று சொல்வது மட்டுமே. வேலை நடந்தே தீரும், கால்பேக்கும் வரும்.

அறிகுறி: ஃபோர்க்குக்குப் பிறகு பிள்ளைப் பிராசஸ் உறைந்து நிற்கிறது

எங்கள் பைத்தான் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட், மேலே ஒரு குளோபல் வேரியபிளில் இணைப்பை எடுத்துவிட்டு, அப்புறம் மல்டிபிராசஸிங் பூல் கொண்டு எட்டுப் பிள்ளைகளைக் கிளப்பும். எட்டும் அப்படியே நிற்கும்.

ஃபோர்க் செய்தால், அதாவது பிராசஸைப் பிரதி எடுத்துப் பிள்ளை உருவாக்கினால், அழைத்த த்ரெட் ஒன்று மட்டுமே பிள்ளையில் உயிரோடு வரும். நெட்வொர்க் த்ரெட்கள் வராது. ஆனால் நினைவகம் முழுசாகப் பிரதியாகும், அந்த நேரத்தில் பிடித்திருந்த பூட்டுகள் உட்பட. பூட்டைப் பிடித்த த்ரெட் பிள்ளையில் இல்லை, இனி யாரும் திறக்கப் போவதும் இல்லை. செஃப் டீமன்களே பின்னணிக்குப் போகும் ஃபோர்க்கை முடித்துவிட்டுத்தான் தங்கள் சர்வீஸ் த்ரெட்களைத் தொடங்குகின்றன.

இணைப்பைப் பிள்ளைக்குள்ளேயே உருவாக்குங்கள். பூலுக்குக் கொடுக்கும் தொடக்க ஃபங்ஷன் அதற்குச் சரியான இடம். ஸ்டார்ட் மெத்தட்டை ஸ்பான் என்று மாற்றினாலும் வேலை செய்யும். பைத்தான் 3.14 முதல் லினக்ஸில் இயல்பான முறை ஃபோர்க்கிலிருந்து ஃபோர்க்சர்வருக்கு மாறிவிட்டது. ஆகவே கணினியைப் புதுப்பித்ததும் தானாகவே சரியாகிவிட்டது போலத் தெரியலாம். பழைய பதிப்பு இருக்கும் கணினிக்கு அதே ஸ்கிரிப்ட் போனால் மறுபடி உறையும்.

அறிகுறி: கிளையன்ட் செத்துவிட்டது, ஆனால் இமேஜை நீக்க முடியவில்லை

கடையில் கரண்ட் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் வந்து கணினி கிளம்பியதும் எங்கள் ஸ்கிரிப்ட் முதல் வேலையாகப் பழைய தற்காலிக ஆர்பிடி இமேஜை நீக்கப் பார்த்தது. 'இமேஜுக்கு இன்னும் வாட்சர்கள் இருக்கிறார்கள்' என்று மறுத்துவிட்டது.

இமேஜைத் திறந்த கிளையன்ட் அதன் ஹெடர் ஆப்ஜெக்ட்டில் ஒரு வாட்ச் வைக்கும். ஒழுங்காக மூடினால் அது அப்போதே போய்விடும். சொல்லாமல் செத்தால், 30 வினாடி பதில் இல்லாத பிறகுதான் சர்வர் அதைக் கைவிடும். ஹேண்டிலை மூடாமல் விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். 'ஆர்பிடி ஸ்டேட்டஸ்' கட்டளை வாட்சரின் முகவரியைக் காட்டும். அது செத்த கிளையன்ட்டுடையதுதானா என்று பார்த்துவிட்டுக் காத்திருங்கள். வேறு கணினியின் முகவரி என்றால் நிஜமாகவே யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், அவசரப்பட வேண்டாம்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரு கிளையன்ட் நெட்வொர்க் அறுந்து நீண்ட நேரம் பேசாமல் இருந்து, அதற்குள் இன்னொரு கிளையன்ட் அந்த இமேஜின் பிரத்தியேகப் பூட்டை எடுத்துக்கொண்டால், பழையது பிளாக்லிஸ்ட்டில் போடப்படும். நெட்வொர்க் திரும்பிய பிறகு அது செய்யும் எல்லா எழுத்தும் 108 என்ற பிழை எண்ணோடு திரும்பும். நாங்கள் அதே ஹேண்டிலில் திரும்பத் திரும்ப முயன்று பார்த்தோம். தடை அந்த ஹேண்டிலின் முகவரி மேல்தான் இருக்கிறது, இயல்பாக ஒரு மணி நேரத்துக்கு. இமேஜை மூடி, ஐஓ கான்டெக்ஸ்ட்டை அழித்து, ஷட்டவுன் செய்து, புது ஹேண்டில் எடுத்து இணைந்தால் உடனே வேலை செய்யும். பாதி எழுதிய துண்டை மட்டும் முதலிலிருந்து எழுதுங்கள்.

கடை ஸ்கிரிப்ட்டில் நீக்கும் வரிக்கு முன்னால் இப்போது 40 வினாடி காத்திருப்பு இருக்கிறது. "எதுக்குண்ணே சும்மா நிக்குது?" என்று தம்பி கேட்டார். விளக்கினேன். பாதி புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, அந்த நேரத்தில் திரையில் 'பழைய இணைப்பு விலகக் காத்திருக்கிறது' என்று காட்டச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.